பிரஷ்யாவின் நிதியமைச்சர், கார்ல்ஸ்ரூஹவின் முதற் தலைவர்

தஞ்ச விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு, மேன்முறையீடுகளும் கைகொடாத நிலையில், ஈற்றில் தட்டுவதற்கு எஞ்சியிருக்கும் கதவு எங்கே உள்ளதென்று ஜேர்மனியில் வாழும் எம்மவரைக் கேட்டால், கார்ல்ஸ்ரூஹ என்ற நகரின் பெயரைச் சொல்வர். சமஷ்டி அரசியலமைப்பு நீதிமன்றம் அங்குதான் அமைந்துள்ளது. இலங்கைத் தமிழரின் தஞ்ச வழக்குகளில் 1989 ஜூலை 10ஆம் நாள் அந்நீதிமன்றம் அளித்த தீர்ப்பை எமது மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உள்நாட்டுப் போர் நடைபெறும் நாடொன்றில், அரசின் வன்செயல் கிளர்ச்சியாளரை அடக்கும் எல்லையைக் கடந்து, ஓரினத்தவர் என்பதற்காகவே தொடர்பற்ற மக்களைத் தாக்குமாயின் அது அரசியல் துன்புறுத்தலாகலாம் என அது விளக்கியது. தாயகத்திலேயே பாதுகாப்பாக வாழத்தக்க வேறொரு பகுதி உண்டா என்ற கேள்வியையும் அதே தீர்ப்பு வலுப்படுத்தியது. கொழும்பைக் காட்டி எத்தனை விண்ணப்பங்கள் திருப்பப்பட்டன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

அந்நீதிமன்றத்தின் முதற் தலைவராக வீற்றிருந்தவர் நெடுங்காலம் கணக்கேடுகளோடு வாழ்ந்த ஒரு நிதியமைச்சர். ஹெர்மன் ஹேப்கர் அஷோஃப் என்பது அவர் பெயர். வெஸ்ட்பாலியாவின் ஹெர்ஃபோர்ட் நகரில் 1883 ஜனவரி 31ஆம் நாள் பிறந்தார். சட்டம் பயின்று நீதிபதியானார். முதலாம் உலகப்போரின் பின் முடியாட்சி வீழ்ந்து குடியரசு எழுந்தபோது, தாராண்மைவாதிகளின் ஜேர்மன் ஜனநாயகக் கட்சியில் இணைந்து 1921இல் பிரஷ்ய மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரிவானார்.

மாநிலம் என்றதும் சிறு பரப்பொன்றை எண்ணிவிடலாகாது. அந்நாளைய ஜேர்மனியின் நிலத்திலும் மக்கட்தொகையிலும் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு பிரஷ்யாவுக்கே உரியது. சமூக ஜனநாயகவாதியான ஓட்டோ பிரவுன் அதன் முதலமைச்சர். அவரது அமைச்சரவையில் 1925 முதல் 1931 வரை அஷோஃப் நிதிப் பொறுப்பை வகித்தார். பணவீக்கம் நாட்டின் சேமிப்பையெல்லாம் விழுங்கி முடித்திருந்த வேளை அது. கடனில் வீடு வாங்கியோரின் கடன் கரைந்துபோயிற்று. வீடு மட்டும் எஞ்சியது. அந்த எதிர்பாராப் பேற்றின்மீது 1924இல் விதிக்கப்பட்ட வீட்டு வரியின் ஒரு பகுதியே புதிய குடியிருப்புகளுக்குச் சென்றது. பேர்லின் பிரிட்ஸ் பகுதியில் குதிரை லாட வடிவில் நிற்கும் குடியிருப்பு அத்தகைய பணத்தின் துணையோடு எழுந்தவற்றுள் ஒன்று.

அவர் பெயரை நாடறியச் செய்தது பிறிதொரு விடயம். பதவியிழந்த மன்னர் குடும்பங்களின் சொத்து யாருக்கு? ஈட்டுத்தொகை எதுவுமின்றிப் பறிமுதல் செய்க என்று கோரிய பொதுவாக்கெடுப்பு 1926 ஜூன் 20இல் நடைபெற்றது. ஒரு கோடியே நாற்பத்தைந்து இலட்சம்பேர் அளவில் ஆதரித்தும் வேண்டிய இரண்டு கோடி அளவான வாக்குகள் கிட்டவில்லை. பின்னர் ஹோஹென்சொலர்ன் அரச குடும்பத்துடன் பேசி முடிக்கும் வேலை நிதியமைச்சர் தலையில் விழுந்தது. அவ்வாண்டு ஒக்டோபரில் ஒப்பந்தம் கைகூடியது. மாளிகைகள் பெரும்பாலும் அரசுக்கு. குடும்பத்துக்குப் பரந்த நிலங்களும் 15 மில்லியன் மார்க்கும். இடதுசாரிகள் அதைக் கொடை என்று தூற்றினர். முடியாட்சி விசுவாசிகளோ கொள்ளை என்றனர். சட்டமன்றத்தில் பெருங்குழப்பத்தின் நடுவே அது நிறைவேறியது. ஒப்பந்தத்தால் பயனடைந்த முன்னாள் பேரரசர் வில்ஹெல்ம் அப்போது நெதர்லாந்தில் புகலிடம் பெற்று வாழ்ந்துகொண்டிருந்தார் என்பதையும் இங்கு நினைவுகூர்வோம். எல்லாத் தஞ்சக்காரரும் ஒரே வாசலில் நிற்பதில்லை!

பிரஷ்யாவும் மத்திய அரசும் ஒரே பேர்லினில் இருவேறு ஆட்சி நடத்துவது வீண் என்பது அஷோஃபின் உறுதியான எண்ணம். பிரஷ்யாவையே மத்தியுடன் இணைத்துவிட வேண்டும் என்று வாதிட்ட பிரஷ்ய அமைச்சர் அவர். பொருளாதார நெருக்கடி முற்றிய 1931இல் கடுஞ்சிக்கனத்தை வற்புறுத்தினார். அவ்வாண்டு ஒக்டோபரில் பதவி துறந்தார். மறு ஆண்டு ஜூலை 20இல் பாப்பன் அரசு பிரஷ்ய அமைச்சரவையைத் தள்ளிவிட்டு ஆட்சியைக் கைப்பற்றியது. ஆறு மாதங்களின் பின் ஹிட்லர் வந்தான்.

இவ்விடத்தில் மூன்று மனிதரின் பாதைகள் பிரிகின்றன. முதலமைச்சர் ஓட்டோ பிரவுன் 1933 மார்ச்சில் சுவிற்சர்லாந்துக்குத் தப்பினார். தாய்நாட்டில் மீண்டும் வாழக் கிடைக்காமல் 1955இல் அங்கேயே மறைந்தார். அஷோஃபுக்குப் பின் நிதியமைச்சரான ஓட்டோ கிளெப்பர் சீனாவென்றும் மெக்சிக்கோவென்றும் அலைந்தார். அஷோஃப் போகவில்லை. சிலகாலம் ஒதுங்கியிருந்து எழுத்தில் ஈடுபட்டார்.

பின்பு போர் வந்தது. போலந்தின் மேற்குப் பகுதிகளை ஜேர்மனி விழுங்கிய கையோடு, 1939 ஒக்டோபரில் கேரிங் ஒரு நிறுவனத்தை உருவாக்கினார். கிழக்குக்கான தலைமைப் பொறுப்பாட்சி நிலையம் என்று அதைச் சொல்லலாம். பெயர் சாதுவானது, தொழில் அவ்வாறன்று. போலந்து அரசின் சொத்து, துரத்தப்பட்ட போலந்துக்காரரின் கடைகளும் தொழிற்சாலைகளும், யூதரின் வீடுகள் அனைத்தையும் கைப்பற்றி, பதிவுசெய்து, பொறுப்பாளர்களிடம் ஒப்படைத்து, ஈற்றில் ஜேர்மனியருக்கு மாற்றுவதே அதன் பணி. 1940 செப்டெம்பரில் அதற்கென ஒரு கட்டளைச் சட்டமும் பிறந்தது. களவை முறையாகச் செய்வதற்குச் சட்டம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டனர். அந்நிலையத்தின் மூத்த சட்ட அதிகாரிகளுள் ஒருவராக, அரச குடும்பத்தின் சொத்தைப் பறித்தெடுக்க மறுத்துப் பேச்சுவார்த்தையால் தீர்த்த அதே அஷோஃப் அமர்ந்தார்.

இதை நாம் இலேசாகக் கடந்துபோக முடியாது. வீட்டின் உறுதிப்பத்திரத்தைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு எல்லை கடந்தவர்கள் எமது வாசகர்கள். வீட்டைப் பறிப்பவன் துப்பாக்கியோடு வருகிறான். அதன் பின்னர் ஒருவர் மேசையில் அமர்ந்து, அவ்வீட்டின்மீதிருந்த கடன் யாரைச் சேரும் என்று குறிப்பெழுதுகிறார். இரண்டாமவர் இல்லாமல் முதலாமவனின் வேலை நிலைபெறாது.

போர் முடிந்ததும் வெஸ்ட்பாலிய மாகாணத்தின் நிதி நிர்வாகம் அவர் கைக்கு வந்தது. ஆயினும் 1946இல் புதிய நோர்த்றைன்-வெஸ்ட்பாலியா மாநிலத்தின் நிதியமைச்சராக அவரை நியமிக்க முற்பட்டபோது, அந்நிலையத்தில் அவர் செய்த வேலையின் பொருட்டு பிரித்தானிய இராணுவ ஆட்சி இடமளிக்கவில்லை. தடை நெடுநாள் நிலைக்கவில்லை. 1948இல் பொன் நகரில் கூடிய அரசியலமைப்புப் பேரவையின் 65 உறுப்பினருள் சுதந்திர ஜனநாயகக் கட்சி சார்பில் அவரும் ஒருவர். வரிகளை மத்தியும் மாநிலங்களும் எவ்வாறு பகிர்வது என்ற அத்தியாயத்தில் அவர் கைவண்ணம் மிகுதி. வரி நிர்வாகம் முழுவதும் மத்தியிடமே இருக்கவேண்டும் என்று வாதாடினார். நேச நாடுகள் ஒப்பவில்லை. அரசியல் காரணங்களால் துன்புறுத்தப்படுவோருக்குத் தஞ்சம் உண்டு என்ற வாசகம் அதே பேரவையில்தான் அடிப்படைச் சட்டத்தில் ஏறியது. 1993இல் அது ஒடுக்கப்பட்டது வேறு கதை.

1951 செப்டெம்பரில் புதிய நீதிமன்றத்தின் தலைவரானார். உபதலைவராக அருகே அமர்ந்தவர் ருடோல்ஃப் காட்ஸ். அவர் 1933இல் நாட்டை விட்டோடி, சீனாவிலும் அமெரிக்காவிலும் அகதியாக வாழ்ந்து திரும்பியவர். யூத வம்சாவளியினர் என்பதால் இங்கிலாந்துக்குச் சென்று மீண்ட கெர்ஹார்ட் லைப்ஹோல்ஸும் நீதிபதிகளுள் ஒருவர். பறிக்கப்பட்டவரும் பறிப்புக்குச் சட்டம் பார்த்தவரும் ஒரே மன்றத்தில் இருந்தனர்.

நீதிமன்றம் நீதியமைச்சின் ஒரு கிளையன்று, பாராளுமன்றத்துக்கும் அரசுக்கும் நிகரான உறுப்பு என்று 1952 ஜூன் அறிக்கை பிரகடனஞ் செய்தது. தனி வரவுசெலவுத் திட்டம் வேண்டும் என்பதும் அதில் அடக்கம். கல்லாப்பெட்டி யாருடையதோ, அதிகாரம் அவருடையது என்பதை ஒரு நிதியமைச்சருக்கு யார் கற்பிக்க வேண்டும்? அவ்வாண்டு ஒக்டோபரில் அவர் தலைமை தாங்கிய முதலாம் பிரிவு, நாசிகளின் வாரிசாக எழுந்த சோஷலிச ராய்ஷ் கட்சியைத் தடைசெய்தது. ஐரோப்பியப் பாதுகாப்பு உடன்படிக்கை தொடர்பாக எழுந்த பிணக்கில் நீதியமைச்சர் தோமஸ் டேலர் நீதிமன்றத்தைக் கடுஞ்சொற்களால் தாக்கினார். டேலர் அஷோஃபின் கட்சிக்காரர், பேரவையில் உடனிருந்தவர். அஷோஃப் வளைந்துகொடுக்கவில்லை. 1953இல் டேலருக்கு அமைச்சுப் பதவி மீண்டும் கிட்டவில்லை.

அவ்வாண்டு டிசெம்பர் 17இல் முதலாம் பிரிவு இன்னொரு தீர்ப்பை அளித்தது. ஹிட்லர் ஆட்சியின் அரச ஊழியர் உரிமைகள் யாவும் 1945 மே 8ஆம் நாளோடு அற்றுப்போயின என்பது அதன் சாரம். நாடெங்கும் உத்தியோகத்தர்கள் கொதித்தெழுந்தனர். மறுநாளே ஆண் பெண் சமத்துவம் நேரடியாகச் செல்லுபடியாகும் சட்டமே என்ற தீர்ப்பும் வெளிவந்தது.

நான்கு வாரங்களின் பின், 1954 ஜனவரி 15இல், பதவியிலிருக்கும்போதே கார்ல்ஸ்ரூஹவில் அஷோஃப் காலமானார். எழுபத்தோராவது பிறந்தநாளுக்கு இன்னும் பதினாறு நாட்கள் இருந்தன. ஜோசெப் வின்ட்ரிச் அவரிடத்துக்கு வந்தார். பொறுப்பாட்சி நிலையத்தின் கோவைகளை வரலாற்றாய்வாளர்கள் விரிவாகப் புரட்டியது பல பத்தாண்டுகள் கழித்தே.