கட்டுப்பாட்டின் விலை: ஐடா ஸ்கடரின் வாழ்வு கற்பிப்பது

பெண்கள் எங்கே செல்லலாம், யார் முன்னிலையில் வரலாம், எதைப் படிக்கலாம் என்ற விவாதங்கள் பெரும்பாலும் சமயம், பண்பாடு என்ற இரு சொற்களுக்குள்ளேயே நடந்து முடிகின்றன. பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அவற்றோடு ஒரு கேள்வியைச் சேர்க்க விரும்புகிறேன். ஒரு கட்டுப்பாட்டுக்கு விலை உண்டு. அந்த விலையைச் செலுத்துவது யார்? ஜவ்வாது மலையடிவாரத்து ஒடுகத்தூரில் வாழும் எங்களுக்கு இதற்கான விடை அருகிலேயே இருக்கிறது. கடும் நோய் என்றால் நாங்கள் பேருந்தேறிச் செல்லும் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை, அப்படியொரு விலையைக் கண்டு அதிர்ந்த ஒரு பெண்ணால் உருவானது.

ஐடா ஸ்கடர் 1870 டிசம்பர் 9 அன்று இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கடர் யாழ்ப்பாணத்தின் பண்டத்தரிப்பில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவ மிஷனரி. தந்தையும் மருத்துவரே. குடும்ப வழியைத் தொடரும் எண்ணம் மட்டும் ஐடாவுக்கு இல்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், நோயுற்ற தாயைக் கவனிக்கவே திண்டிவனம் வந்தார். தாய் நலமடைந்ததும் திரும்பிவிடுவது அவருடைய திட்டம்.

திண்டிவனத்தில் ஓர் இரவு அத்திட்டத்தை மாற்றியது. பிரசவ வேதனையில் இருந்த மனைவியைக் காப்பாற்றுமாறு வேண்டி மூன்று ஆண்கள் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், மற்றொருவர் வேறொரு உயர்சாதி இந்து. தான் மருத்துவர் இல்லை, தந்தையை அனுப்புகிறேன் என்று ஐடா மூவரிடமும் கூறினார். அந்நிய ஆண் தன் மனைவியைக் காண்பதற்கு மூவருமே இசையவில்லை. பொழுது விடிவதற்குள் அப்பெண்கள் மூவரும் இறந்தனர். சமயமும் சாதியும் வேறுபட்ட அந்த மூவரிடம் கட்டுப்பாடு ஒன்றாகவே இருந்தது. அதை வகுத்ததில் அம்மனைவியருக்குப் பங்கில்லை. விலையைச் செலுத்தியவர்கள் அவர்களே.

ஐடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்றார். பெண்களுக்குப் புதிதாகக் கதவு திறந்திருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-இல் பட்டம் பெற்று, 1900-இன் தொடக்கத்தில் வேலூர் வந்தார். சில மாதங்களில் தந்தை மறைந்தார். ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சிகிச்சைக்குத் தொடக்கத்தில் நம்பி வந்தவர்கள் குறைவு. ஷெல் என்னும் அமெரிக்கர் தம் மனைவியின் நினைவாக அளித்த பத்தாயிரம் டாலரில் 40 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 1902-இல் எழுந்தது. மருத்துவமனைக்கு வர இயலாதவர்களைத் தேடி, குடியாத்தம் சாலையோரத்து மரநிழல்களில் வாரந்தோறும் சிகிச்சை அளித்தார்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஐடா அக்கட்டுப்பாட்டை நேரடியாக எதிர்த்துப் போராடவில்லை. பெண் மருத்துவர்தான் வேண்டும் என்றால் பெண் மருத்துவர்களையே உருவாக்குவோம் என்று முடிவெடுத்தார். இது சமரசம் என்று குறை கூறலாம். ஆனால் அச்சமரசத்துக்குள் ஒரு தவிர்க்க முடியாத விளைவு இருந்தது. ஒரு பெண்ணைத் திரைக்குப் பின்னால் வைத்துக்கொண்டே காப்பாற்ற வேண்டுமாயின், மற்றொரு பெண் திரையை விட்டு வெளியே வந்து, உடற்கூறு படித்து, இரவில் தனியே பயணம் செய்தாக வேண்டும். ஒரு கட்டுப்பாட்டை மதிப்பதற்கே பல கட்டுப்பாடுகளைத் தளர்த்த வேண்டியிருந்தது.

1909-இல் செவிலியர் பயிற்சியும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் தொடங்கின. அப்பள்ளி தேறாது என்று கருதியவர்கள் பலர். முதல் தேர்வில் சென்னை மாகாணத்து ஆண் மாணவர்களில் ஐவரில் ஒருவரே தேற, வேலூர் மாணவியர் அனைவரும் தேறினர்.

அடுத்த சோதனை ஐடாவின் சொந்த முகாமிலேயே எழுந்தது. மருத்துவப் பட்டயப் படிப்புக்குப் பதிலாகப் பல்கலைக்கழகப் பட்டமே வேண்டும் என்று அரசின் விதி மாறியபோது, பள்ளியைக் கல்லூரியாக உயர்த்தப் பெருநிதி தேவைப்பட்டது. ஆண்களையும் சேர்த்தால் பல சபைகளின் உதவி கிடைக்கும். பெண்களுக்காகப் பெண்கள் திரட்டிய பணத்தில் எழுந்த நிறுவனம் கைமாறிவிடும் என்று நெடுநாள் ஆதரவாளர்கள் சிலர் அஞ்சினர். அவர்கள் அச்சம் பொருளற்றது எனச் சொல்ல முடியாது. நீண்ட தயக்கத்துக்குப் பின் ஐடா இருபாலர் கல்விக்கு இசைந்தார். நெருங்கிய நட்புகளை இழந்தார். 1947-இல் ஆண்கள் அங்கே மருத்துவம் படிக்கச் சேர்ந்தனர். 1960 மே மாதம் கொடைக்கானலில் அவர் மறைந்தபோது, ஆண்களும் பெண்களும் இணைந்து கற்று, இருபாலருக்கும் மருத்துவம் பார்க்கும் நிறுவனமாக அது வளர்ந்திருந்தது.

இந்த வாழ்விலிருந்து நான் பெறும் அளவுகோல் எளியது. ஒரு வேலி பெண்ணின் வாய்ப்புகளைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஐடா வேலிக்குள் ஒரு வாயிலை அமைத்தார். தேவை தீர்ந்தபோது வேலியையே அகற்றவும் துணிந்தார். வாயிலே இல்லாத வேலி எப்படியிருக்கும் என்பதை இன்றைய ஆப்கானிஸ்தான் காட்டுகிறது. ஆண் மருத்துவர் பெண்களுக்குச் சிகிச்சை அளிப்பதற்குச் சில பகுதிகளில் தடை இருக்கும் நாட்டில், செவிலியர், பேறுகால மருத்துவப் பயிற்சியிலிருந்தும் பெண்கள் 2024 டிசம்பரில் விலக்கப்பட்டனர். திண்டிவனத்து இரவு அங்கே அரசாணையாகியிருக்கிறது.

நாமும் மெத்தனமாக இருப்பதற்கில்லை. மகளிர் கல்லூரி என்றால் மட்டுமே அனுப்புவோம், விடுதி என்றால் வேண்டாம், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்று கூறும் பெற்றோர் எங்கள் பகுதியிலும் உண்டு. பாதுகாப்பு கருதிய அச்சம் அது. பீஞ்சமந்தை போன்ற மலைக்கிராமங்களிலிருந்து ஒடுகத்தூருக்கு இறங்கி வந்து படிக்க வேண்டிய பெண்ணுக்கு, அந்த அச்சம் படிப்பையே நிறுத்திவிடக்கூடியது. அறிவுரையால் மட்டும் அது அகலாது. நல்ல விடுதியும் நேரத்துக்கு வரும் பேருந்தும் வேண்டும். 2021 முதல் தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். வெளியே செல்வதற்கு வீட்டில் காசு கேட்க வேண்டிய நிலை அதனால் மாறியது. எந்தப் பண்பாட்டு விவாதமும் இல்லாமல் திறந்த வாயில் அது.

மரபைக் காக்க வேண்டும் என்போர் அதற்கான செலவையும் ஏற்க முன்வரட்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்கும் வீடு, தன் மகளை மருத்துவம் படிக்க அனுப்பவும் இசைய வேண்டும்.