விளக்கும் பேரேடும்

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் என்றவுடன், கையில் விளக்குடன் காயமுற்ற வீரர்களிடையே நடந்து செல்லும் உருவமே நம் மனக்கண்முன் தோன்றும். கைவிளக்கேந்திய காரிகை என்று சிறு வகுப்பிலேயே படித்துவிட்டோம். அந்தக் கையில் விளக்கு இருந்த நேரத்தைவிடப் பேனா இருந்த நேரமே அதிகம் என்பதை என் சித்தி சொல்லித்தான் அறிந்தேன். சித்தி ஒரு மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் பணியாற்றுகிறார். நோயாளியின் கோப்பைப் படித்து, அவருக்கு வந்த நோய் எதுவெனக் கண்டு, அதற்குரிய குறியீட்டை இடுவது அவர் வேலை. இந்த வேலைக்கு வழி வகுத்தவர்களுள் நைட்டிங்கேல் அம்மையாரும் ஒருவராம்!

அம்மையார் 1820ஆம் ஆண்டு மே 12 அன்று இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் ஆங்கிலச் செல்வக் குடும்பத்தில் பிறந்தார். பிறந்த ஊரின் பெயரே அவர் பெயராயிற்று. இளமையில் கணக்குப் படிக்க வேண்டும் என்று பெற்றோரிடம் மன்றாடினார். பெண்ணுக்குக் கணக்கு எதற்கு என்று தாயார் தயங்கினார். (கணக்குப் பாடம் என்றாலே ஓடி ஒளியும் எனக்கு இது பெரும் வியப்பு!)

1854இல் கிரிமியப் போர் மூண்டிருந்தது. 38 பெண்களுடன் அவர் துருக்கியிலுள்ள ஸ்கூட்டரி இராணுவ மருத்துவமனைக்குச் சென்றார். அவர்களில் பத்துப் பேர் கத்தோலிக்கக் கன்னியர். லண்டன் பெர்மாண்ட்சி மடத்தின் அன்னை மேரி கிளேர் மூர், 1874இல் தாம் இறக்கும்வரை அம்மையாரின் உற்ற தோழியாய் இருந்தார்.

ஸ்கூட்டரியில் அழுக்கும் பட்டினியும் இருந்ததை நாம் அறிவோம். அங்கே இன்னொரு குறையும் இருந்தது. இறந்தவர்களின் கணக்கு மூன்று வேறு ஏடுகளில் எழுதப்பட்டது. மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. எத்தனை பேர் இறந்தனர் என்பதே தெரியாதபோது, எதனால் இறந்தனர் என்று யார் சொல்ல முடியும்? ஒரு தாயின் மகன் எந்த ஏட்டிலும் ஏறாமலே புதைக்கப்பட்டிருக்கலாம். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

1855 பிப்ரவரியில் அங்கே சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். மார்ச் மாதம் சுகாதாரக் குழு ஒன்று வந்து கட்டடத்தின் கீழிருந்த சாக்கடைகளைத் துப்புரவாக்கிற்று. சாவு மளமளவென்று குறைந்தது.

1856இல் நாடு திரும்பிய அம்மையார், லண்டன் பிறப்பு இறப்புப் பதிவுத் தலைமை அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் பார் என்ற மருத்துவரைச் சந்தித்தார். பார் பல ஆண்டுகளாக ஒரே தொல்லையுடன் போராடி வந்தார். ஒரே நோய்க்கு ஒரு மருத்துவர் ஒரு பெயர் எழுதுவார், அடுத்தவர் வேறு பெயர் எழுதுவார். சிலர் நோயை விட்டுவிட்டு அதன் விளைவை எழுதுவார்கள். இவற்றை எப்படிக் கூட்டுவது? ஆகவே பார் நோய்களைப் பிரித்து வைத்தார்: கூட்டமாகப் பரவுபவை, உடல் முழுவதையும் பற்றுபவை, ஓர் உறுப்பில் மட்டும் தங்குபவை, வளர்ச்சியில் தோன்றுபவை, காயத்தால் வருபவை.

இந்த முறையை அம்மையார் ஒரு மாணவியைப் போல் கற்றுக்கொண்டார். அந்த அறிவுடன் போர்க் கணக்குகளை மீண்டும் எடுத்தார். சாவுகளை மூன்றாகப் பிரித்து, 1858இல் வட்டமான படம் ஒன்று வரைந்தார். தடுக்கக்கூடிய நோய்களுக்கு நீலம், காயங்களுக்குச் சிவப்பு, மற்றவற்றுக்குக் கறுப்பு. படத்தில் நீலமே பரந்து கிடந்தது. 16,000க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் நோயால் மடிந்திருந்தனர். குண்டாலும் காயத்தாலும் மடிந்தோர் 5,000க்கும் குறைவு. அந்த நீலத்தில் தம் மருத்துவமனையில் இறந்தவர்களும் அடக்கம் என்பது அவருக்குத் தெரியும். ஆயினும் மறைக்கவில்லை. மறைக்காததே அவருடைய பெரிய வீரம் என்று நான் எண்ணுகிறேன். அதே ஆண்டு லண்டன் புள்ளியியல் சங்கம் அவரை முதல் பெண் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது.

பிறகு எல்லா மருத்துவமனைகளுக்கும் ஒரே மாதிரிப் படிவம் வகுத்தார். ஆண்டுத் தொடக்கத்தில் எத்தனை பேர், சேர்ந்தவர் எத்தனை, குணமானவர், இறந்தவர், மிஞ்சியவர், தங்கிய நாட்கள் ஆகியவற்றை நோய்வாரியாகவும் வயதுவாரியாகவும் நிரப்ப வேண்டும். 1860இல் லண்டனில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் மாநாடு இதை ஆராய்ந்தது. லண்டனின் சில பெரிய மருத்துவமனைகள் நிரப்பியும் பார்த்தன. ஆனால் படிவம் மிகப் பெரிது, வேலையோ அதிகம், நாளடைவில் கைவிட்டனர். அம்மையாரின் இத்திட்டம் தோற்றுப்போனது என்றே சொல்ல வேண்டும்.

பாரின் வரிசைமுறை மட்டும் பிழைத்தது. அதைத் தழுவிப் பாரிஸ் நகரத்து ஜாக் பெர்டில்லான் அமைத்த பட்டியல் 1893இல் ஏற்கப்பட்டது. 1948இல் உலக சுகாதார நிறுவனம் அதன் பொறுப்பை ஏற்றது. இறப்புக்கு மட்டுமின்றி நோய்க்கும் பட்டியல் நீண்டது. பதினோராவது பதிப்பு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. சித்தி முதலில் கற்றது பத்தாம் பதிப்பை. அதன் தொடக்கக் குறியீடு ஏ-00. அது காலராவுக்கு உரியது. ஸ்கூட்டரியில் நீல வண்ணம் பெற்ற நோய்களுள் ஒன்று.

அம்மையார் 1910 ஆகஸ்ட் 13 அன்று தமது 90ஆம் வயதில் மறைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்ய அரசு முன்வந்தது. அவர் விருப்பப்படி உறவினர் மறுத்துவிட்டனர். ஈஸ்ட் வெல்லோ என்ற சிற்றூரின் கோயில் முற்றத்தில், குடும்பக் கல்லறையில் அவர் துயில்கிறார். கல்லில் அவர் பெயர் முழுமையாக இல்லை. எப்., என். என்ற இரண்டு எழுத்துகளும், பிறப்பு இறப்புக் குறிப்புகளும் மட்டுமே உள்ளன.