ஒகோனி மண்ணின் கென் சாரோ விவா

நம் சிறுசேரியிலிருந்து கோவளம் அதிகத் தொலைவில்லை. கார்மேல் மாதா ஆலயத்திற்குச் செல்லும்போது, மீனவர் வலை உலர்த்தும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். 2017 சனவரி 28 அன்று எண்ணூர் துறைமுகத்தருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. அந்தக் கரிய குழம்பு மெரினாவையும் தாண்டித் தெற்கே வந்தது. மீனவரும் இளைஞரும் அதை வாளிகளால் அள்ளினர். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது எண்ணூர் முகத்துவாரத்தில் மறுபடியும் எண்ணெய் படர்ந்து, வலைகளும் படகுகளும் கறுத்துப் போயின. இந்தத் துன்பத்தை ஆண்டுக்கணக்கில் அனுபவித்த மக்களுக்காக வாதாடி, உயிரையும் கொடுத்த ஒருவரைப் பற்றி இவ்வாண்டு மலரில் எழுத விரும்புகிறோம்.

கென் சாரோ விவா 1941 அக்டோபர் 10 அன்று மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரியா நாட்டில், போரி என்ற ஊரில் பிறந்தார். அவருடைய இனத்தார் ஒகோனியர். ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேரே கொண்ட சிறிய இனம். நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் கிழங்கு பயிரிட்டும் மீன் பிடித்தும் வாழ்ந்து வந்தார்கள். 1958-ல் அந்த மண்ணில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டது. ஷெல் நிறுவனமும் அரசும் சேர்ந்து எண்ணெயை எடுத்தன. வருமானம் தலைநகருக்குப் போயிற்று. ஒகோனியருக்கோ கிணற்றில் எண்ணெய் நாற்றமும், வயலில் கசியும் குழாய்களும், இரவைப் பகலாக்கி எரிந்த வாயுத் தீயுமே மிச்சம்.

கென் கெட்டிக்கார மாணவர். இபதான் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் பயின்றார். எடுத்த எடுப்பிலேயே அவர் போராளியாகிவிடவில்லை. உள்நாட்டுப் போரில் மத்திய அரசின் பக்கம் நின்று பதவி வகித்தார். பின்பு வணிகத்தில் பொருள் ஈட்டினார். ‘சோசாபாய்’ என்ற நாவலை 1985-ல் வெளியிட்டார். ‘பாசி அண்டு கம்பெனி’ என்ற அவருடைய நகைச்சுவைத் தொடரை நாடே தொலைக்காட்சியில் கண்டு சிரித்தது. இவ்வளவு வசதியாக இருந்தவர் அப்படியே இருந்துவிட்டுப் போயிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். அவருக்குத் தோன்றவில்லை.

1990-ல் ஒகோனி மக்கள் உயிர்வாழ்வுக்கான இயக்கம் உருவாயிற்று. தங்கள் மண்ணிலிருந்து கிடைக்கும் செல்வத்தில் நியாயமான பங்கு வேண்டும், கெடுத்த நிலத்தையும் நீரையும் சீர்ப்படுத்த வேண்டும், தங்கள் காரியங்களைத் தாங்களே நடத்த உரிமை வேண்டும் என்று அரசுக்கு உரிமைச் சாசனம் எழுதினார்கள். பதில் வரவில்லை. 1993 சனவரி 4 அன்று ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் ஊர்வலமாகத் திரண்டனர். ஆயுதம் ஒன்றும் இல்லை. இனத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் ஒரே நாளில் வீதிக்கு வந்தார்கள் என்றால், வீட்டில் தங்கியவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்! அவ்வாண்டே ஷெல் ஒகோனியை விட்டு வெளியேறிற்று. ஆனால் இராணுவ அரசு படையை அனுப்பியது. கிராமங்கள் எரிந்தன.

இயக்கத்துக்குள்ளும் பிளவு இருந்தது. 1994 மே 21 அன்று ஒகோனித் தலைவர்கள் நால்வரை ஒரு கும்பல் கொன்றது. மிகக் கொடிய செயல் அது. கென் அன்று அவ்விடத்திற்குச் செல்லவிடாமல் இராணுவத்தால் திருப்பி அனுப்பப்பட்டிருந்தார். இருந்தும் கொலைக்குத் தூண்டினார் என்று மறுநாளே கைது செய்யப்பட்டார். மேல்முறையீட்டுக்கே இடமில்லாத தனி நீதிமன்றம் விசாரித்தது. அரசுத் தரப்புச் சாட்சிகள் சிலர், தங்களுக்குப் பணம் கொடுத்துப் பொய் சொல்ல வைத்தார்கள் என்று பிறகு தெரிவித்தனர்.

அந்தச் சிறைவாசத்தில் அவருக்குத் துணையாயிருந்தவர் ஒரு கன்னிகாஸ்திரி என்பதை நம் பள்ளியார் அறிய வேண்டும். அயர்லாந்தைச் சேர்ந்த சகோதரி மஜெல்லா மெக்காரன் நைஜீரியாவில் நெடுங்காலம் ஆசிரியப் பணி செய்தவர். ஒகோனியரின் வழக்கை வெளிநாடுகளுக்கு எடுத்துச் சொன்னார். கென் அவருக்கு எழுதிய கடிதங்கள் காவலர் கண்ணில் படாமல் ரொட்டிக் கூடைகளில் வெளியே வந்தன.

உலகெங்குமிருந்து கருணை மனுக்கள் போயின. பயனில்லை. 1995 நவம்பர் 10 அன்று போர்ட் ஹார்கோர்ட் சிறையில் கென்னும் வேறு எட்டுப் பேரும் தூக்கிலிடப்பட்டார்கள். மறுநாளே காமன்வெல்த் அமைப்பு நைஜீரியாவை இடைநீக்கம் செய்தது.

2009-ல் ஷெல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே, இறந்தோர் குடும்பத்தினர் தொடுத்த வழக்கில் 1 கோடியே 55 இலட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்தது. 2011-ல் ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்பு ஒகோனி மண்ணையும் நீரையும் ஆராய்ந்து அறிக்கை தந்தது. ஓர் ஊரின் குடிநீர்க் கிணறுகளில் புற்றுநோய் தரும் பென்சீன், உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவைப்போல் 900 மடங்குக்கு மேல் இருந்தது. முழுதும் சீராக 25 முதல் 30 ஆண்டுகள் ஆகும் என்று கணித்தார்கள். துப்புரவுப் பணியை அரசு 2016-ல்தான் தொடங்கி வைத்தது.

2025 சூன் 12 அன்று நைஜீரிய அதிபர் அந்த ஒன்பது பேருக்கும் மன்னிப்பு அறிவித்தார். குற்றம் செய்தவனுக்கல்லவா மன்னிப்பு, இவர்கள் நிரபராதிகள் என்றே அறிவிக்க வேண்டும் என்று பலர் கேட்டனர். நமக்கும் அதுவே நியாயமாகப் படுகிறது.

சகோதரி மஜெல்லா 28 கடிதங்களையும் 27 கவிதைகளையும் பத்திரமாக வைத்திருந்து, 2011-ல் அயர்லாந்தின் மேநூத் பல்கலைக்கழக நூலகத்திடம் ஒப்படைத்தார்.