ஒரே அம்பில் 5 விலங்குகள்: கொல்லிமலை வேட்டைக்காரர் வல்வில் ஓரி, வள்ளல் ஆனது எப்படி?

நாமக்கல் சமவெளியில் காரவள்ளியைத் தாண்டி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. மேலே செம்மேட்டில் ஒரு சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அங்கே அரசு விழாவும் நடக்கிறது. அந்தச் சிலையும் விழாவும் வல்வில் ஓரிக்கு.

யார் இந்த ஓரி?

சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன், சங்க காலத்தில் கொல்லிமலையை ஆண்ட குறுநில மன்னர். பாரி, பேகன், அதியமான் வரிசையில் வரும் கடையெழு வள்ளல்களில் ஒருவர். வலிமையான வில்லுக்குச் சொந்தக்காரர் என்பதால்தான் பெயருக்கு முன்னால் 'வல்வில்'.

அந்த ஒரு அம்பு

ஓரியின் வேட்டையைப் பாடியவர் வன்பரணர். புறநானூற்றின் 152-வது பாடல் அது. ஓரி விட்ட அம்பு முதலில் ஒரு யானையைச் சாய்க்கிறது. அப்புறம் புலி, புள்ளிமான், காட்டுப்பன்றி என வரிசையாக வீழ்த்திவிட்டு, கடைசியில் புற்றுக்குள் இருந்த உடும்பில் போய் நிற்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா? யானையின் உடலைத் துளைத்து வெளியே வரவே எந்த அம்பும் திணறும். வில்லாளியின் திறமையைக் கேட்பவர் மனதில் பதிய வைக்கப் புலவர் கையாண்ட மிகை என்றே இதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பாடல் அம்போடு முடியவில்லை. முக்கியமான விஷயம் அதற்குப் பிறகுதான் வருகிறது.

மான்கறி விருந்து

காட்டு வழியில் வந்த ஒரு கலைஞர் கூட்டம் இந்த வேட்டையைப் பார்க்கிறது. வில்லோடு நிற்பவர் யாரென்று அவர்களுக்குத் தெரியவில்லை. கறி விற்றுப் பிழைக்கும் வேடனைப் போலவும் இல்லை. மார்பில் மாலை, செல்வச் செழிப்பு. ஒருவேளை ஓரியாக இருக்குமோ என்று தங்களுக்குள் யோசித்தபடியே முழவு, யாழ் எல்லாம் எடுத்துப் பாட ஆரம்பிக்கிறார்கள். 21 துறைகளையும் முறையாகப் பாடி முடித்து, மன்னன் என்ற பொருள்படும் 'கோ' என்ற சொல்லைச் சொன்னதும் அவர் வெட்கப்படுகிறார். தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

அப்போதும் அவர் பெயரைச் சொல்லவில்லை. தான் வேட்டையாடிய மானின் கொழுப்புக் கறியை வேகவைத்துக் கொடுக்கிறார். உருக்கிய நெய் மாதிரி மதுவும் தருகிறார். கூடவே தன் மலையில் கிடைத்த பொன்னும் மணியும். அத்தனையும் நடுக்காட்டில், முன்பின் தெரியாதவர்களுக்கு!

மலை கைமாறியது

ஓரியின் முடிவு போர்க்களத்தில். திருக்கோவிலூர்ப் பக்கம் ஆண்ட மலையமான் திருமுடிக்காரி, ஓரியைக் கொன்று கொல்லிமலையைச் சேரர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்கிறது அகநானூறு. வெற்றியோடு காரி ஓரியின் ஊருக்குள் நுழைந்தபோது தெருவே இரைச்சலிட்டதை நற்றிணையில் பதிவு செய்திருக்கிறார் கபிலர்.

இதில் ஒரு விநோதம் உண்டு. கொன்ற காரியும் வள்ளல்தான். சிறுபாணாற்றுப்படை தரும் ஏழு வள்ளல்கள் பட்டியலில் இருவர் பெயரும் இருக்கிறது. ஓரியின் குதிரைக்குப் பெயர் ஓரி, காரியின் குதிரைக்குப் பெயர் காரி என்பதும் அதில்தான் வருகிறது.

இன்று ஓரி எதற்கு?

ஓரி செய்த வேட்டையை இன்று யாராவது செய்தால் நேரே சிறைதான். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் மான், பன்றி, உடும்பு எதையும் விட்டு வைக்கவில்லை. ஆக, ஓரியின் வில்லைப் பின்பற்ற முடியாது. அந்தக் கை தாராளத்தைப் பின்பற்றலாம்.

ஆட்சியும் மலையும் கையை விட்டுப் போனபோதும் ஓரியின் பெயர் போகவில்லை. அவரிடம் சாப்பிட்டவர்களும் பரிசு வாங்கியவர்களும் அதைப் பாட்டில் வைத்துவிட்டார்கள். சுவடிகளில் கிடந்த புறநானூற்றை உ.வே.சாமிநாதையர் 1894-ல் அச்சிட்டதால் அந்த மான்கறி விருந்து நம் வரைக்கும் வந்து சேர்ந்தது. அடுத்த முறை கொல்லிமலைக்கு ட்ரிப் போனால், அருவிக்குப் போகும் வழியில் செம்மேட்டில் ஐந்து நிமிடம் வண்டியை நிறுத்துங்கள்.