ஓமக்குளத்தில் ஒரு படிக்கட்டு

பிளஸ் டூ முடித்த பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதற்குள் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர் வீடுகள் படும் பாடு நமக்குத் தெரியும். நூறாண்டுக்கு முன் பிளஸ் டூ அல்ல, ஐந்தாம் வகுப்பே எட்டாக்கனி. அந்த நாளில் சேரிப் பிள்ளைகளைப் பல்கலைக்கழக வாசல்வரை அழைத்துச் சென்றவர் சுவாமி சகஜானந்தர்.

ஆரணி அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890 ஜனவரி 27-ல் பிறந்தார். இயற்பெயர் முனுசாமி. திண்டிவனம் மிஷன் பள்ளியில் படித்துவந்த சிறுவன், மதம் மாறச் சம்மதிக்காததால் படிப்பை இழந்தான். பெற்றோரோடு கோலார் தங்கவயலுக்குப் போனான். பிறகு சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளுக்குச் சீடரானார். சகஜானந்தர் என்ற பெயர் அங்கே கிடைத்தது.

1910-ல் சிதம்பரம் வந்தார். நந்தனார் கதையை உருகி உருகிப் பாடிக்கொண்டே, அவருடைய மக்களைக் கோயிலுக்கு வெளியே நிறுத்தியிருந்த ஊர் அது. 1916-ல் ஓமக்குளத்தில் 25 மாணவர்களோடு நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. விடுதி வைத்து, சோறு போட்டு, அதை உயர்நிலைப் பள்ளியாக வளர்த்தார். 1929-ல் கூப்பிடு தூரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் எழுந்தது. பள்ளி இறுதி வகுப்பு தேறாதவனுக்குப் பக்கத்தில் பல்கலைக்கழகம் இருந்தென்ன, இல்லாவிட்டால் என்ன? அந்தப் படிக்கட்டுதான் ஓமக்குளத்தில் இருந்தது.

சட்டமன்றத்திலும் பல்லாண்டு உறுப்பினராக இருந்தார். 1959 மே 1-ல் மறைந்தார். நந்தனார் ஆண்கள், பெண்கள் பள்ளிகள் இன்று அரசு மேல்நிலைப் பள்ளிகளாகச் சிதம்பரத்தில் நடக்கின்றன.