குமாரன் ஆசான்

மலையாள மொழியின் மகாகவிகள் மூவருள் ஒருவர் குமாரன் ஆசான். அவர்தம் கவிதைச் சிறப்பை அறிந்தார் நம்முட் சிலர் உளர். அவர் உயிர் நீத்த வகையை அறிந்தார் மிகச் சிலரே.

1873ஆம் ஆண்டு ஏப்ரல் 12ஆம் நாள், அஞ்சுதெங்கிற்கு அணித்தாகிய காயிக்கரை என்னும் கடலோரச் சிற்றூரில் ஆசான் பிறந்தார். தந்தையார் தமிழும் கற்றவர். இளமையிலேயே ஸ்ரீ நாராயண குருவை அடைந்த ஆசான், டாக்டர் பல்புவின் உதவியால் பெங்களூரிலும் கல்கத்தாவிலும் வடமொழி பயின்றார். 1903இல் தோன்றிய ஸ்ரீ நாராயண தர்ம பரிபாலன யோகத்தின் முதற் காரியதரிசியாய் அமர்ந்து, தாழ்த்தப்பட்டோர் பள்ளி புகவும் பதவி பெறவும் உழைத்தார். 1907இல் வெளிவந்த 'வீணபூவு', உதிர்ந்த மலரொன்றைப் பாடிய சிறு நூல். அதனால் மலையாளக் கவிதையே புதுவழிப்பட்டது. மகாகாவியம் ஒன்றும் இயற்றாமலே மகாகவி எனப்பட்டவர் அவர். 1922இல் நம் சென்னையிலே, சர்வகலாசாலையின் சார்பில், வேல்ஸ் இளவரசர் அவருக்குப் பட்டும் வளையும் அளித்துச் சிறப்பித்தார்.

அதற்குப் பின் அவர் வாழ்ந்தது ஈராண்டே. 1924 ஜனவரியில், கொல்லத்தினின்று ஆலப்புழை நோக்கி இரவிற் சென்ற படகொன்றில் ஏறினார். அதன் பெயர் 'ரிடீமர்'. மீட்பர் என்பது பொருள். இப்பெயரைப் படித்தபோது என் நெஞ்சம் துணுக்குற்றது. திருவனந்தபுரத்து முறஜபம் கண்டு மீள்வோர் கூட்டம் மிகுந்திருந்தமையின், படகு அளவிற்கு மிஞ்சிய பாரம் ஏற்றியிருந்தது. 16ஆம் நாள் விடியுமுன், பல்லனை ஆற்றிற் சாய்ந்து கவிழ்ந்தது. மேல்தட்டில் இருந்தார் பலர் நீந்திக் கரையேறினர். உள்ளறையில் துயின்ற ஆசான் மீளவில்லை. அவருக்கு வயது ஐம்பது.

காற்றும் பனியும் தாக்காதவாறு அமைந்த அறையே உயர்ந்த இடமென நாம் கருதுகின்றோம். படகு கவிழ்ந்தவழி அதன் சுவர் தரையாகும். வாயில் நீருள் ஆழும். வெளிப்புறம் திறக்குங் கதவாயின் நீரின் பாரமே அதனை அடைத்து நிற்கும். இருளில், உறக்கம் கலைந்த ஒருவர் தலைமாடு எது, கால்மாடு எது என்றும் அறியார். ஆற்றின் ஆழம் அங்கே பெரிதன்று. அறையின் அமைப்பே கொடிதாயிற்று.

இரண்டு வழிகள் இருந்தால் மட்டும் போதுமோ எனின், போதாது. 2019 செப்டம்பர் 2ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரைக்கருகே 'கன்செப்ஷன்' என்னும் படகு தீப்பற்றியது. கீழ்த்தளத்தில் துயின்ற 34 பேரும் மாண்டனர். ஆண்டு வழிகள் இரண்டு இருந்தன. ஒன்று படிக்கட்டு, மற்றொன்று கட்டிலின்மேல் ஏறி நுழையவேண்டிய சிறு திறப்பு. இரண்டும் மேலிருந்த ஒரே கூடத்திற் சென்று முடிந்தன, அக்கூடமே எரிந்தது. அதன்பின், வழிகள் ஒன்றற்கொன்று தொலைவில் இருத்தல் வேண்டும், எதுவும் கட்டிலைச் சார்ந்து நிற்றலாகாது என அந்நாட்டில் விதி வகுத்தனர். நம் நாட்டிலும் 1917ஆம் ஆண்டுப் பழஞ்சட்டத்தை நீக்கி, 2021இல் உள்நாட்டுக் கலங்களுக்குப் புதுச்சட்டம் இயற்றினர்.

பல்லனையில் ஆசான் நினைவிடம் உள்ள இடம் குமாரகோடி எனப்படுகின்றது. யான் அங்குச் சென்றதில்லை. எனினும், இராயபுரத்திலுள்ள எம் இல்லத்தினின்று காசிமேட்டுத் துறைக்கு மாலையிற் செல்லுந்தோறும், பல நாட் பயணத்திற்குப் புறப்படும் விசைப்படகின் சிற்றறையைக் காணும்போது, அதன் இரண்டாவது வாயில் எங்கே என்று என் கண் தேடுகின்றது.