ஸ்பல்லன்ஸானி என்னும் இயற்கை நூற் புலவர்

கால்நடைகளின் இனவிருத்தியை மனிதர் தம் முயற்சியால் சீர்ப்படுத்தக்கூடும் என்பதை நாம் இன்று நன்கறிவோம். அவ்வழிக்கு அடிகோலியவருள் தலைசிறந்தவர் இத்தாலி தேசத்துக் குருவாகிய லாஸரோ ஸ்பல்லன்ஸானி ஆவர்.

இவர் 1729ஆம் ஆண்டில், ஸ்காண்டியானோ என்னும் ஊரில், வழக்கறிஞர் ஒருவரின் மைந்தராய்ப் பிறந்தார். போலோஞா நகரில் சட்டம் பயிலச் சென்றவர், அங்கே பௌதிகம் கற்பித்து வந்த தம் உறவினர் லௌரா பாஸி அம்மையாரின் தூண்டுதலால் இயற்கை நூலை நாடினார். 1769இல் பாவியா சர்வகலாசாலையில் ஆசிரியராய் அமர்ந்து, 1799இல் இறக்குமளவும் அங்கேயே தொண்டு புரிந்தார்.

ஆண் தவளைகளுக்கு மெழுகிட்ட துணியாற் சிறு காற்சட்டை தைத்து அணிவித்தார் இவர். அவற்றோடு கூடிய பெட்டைகளின் முட்டைகள் பொரியவில்லை. அத்துணியில் தங்கிய விந்து தடவப்பெற்ற முட்டைகளோ உயிர் பெற்றன.

பின்னர் ஒரு பெட்டை நாயைத் தனியறையில் அடைத்து, திறவுகோலைத் தாமே வைத்துக்கொண்டு, தம் கையாலேயே உணவளித்து வந்தார். அது பருவமடையும்வரை பொறுமையாய்க் காத்திருந்தார். உடற்சூட்டுக்கு இணையாகச் சூடேற்றிய பீச்சுக்குழலால் ஆண் நாயின் விந்தைச் செலுத்தினார். 62 நாட்களுக்குப்பின் மூன்று குட்டிகள் பிறந்தன. ஏற்கும் பிராணியை முன்னரே ஆயத்தம் செய்யாதிருந்தால், இவ்வெற்றியை ஒருவரும் நம்பியிரார்.

எனினும், பெரியோரும் பிழைபடுவர். விந்தைத் தாளில் வடிகட்டியபோது, வடிந்த நீர் பயனற்றதாயிற்று. தாளில் எஞ்சியதே கருவுறச் செய்தது. உயிரின் வடிவம் முட்டையிலேயே முன்னமைந்துள்ளது என்னும் கொள்கையிற் பற்றுடைய இவர், விந்தணுக்களே காரணம் என்பதை ஒப்பவில்லை. அவ்வுண்மையை 1824இல் ப்ரெவோஸ்த், துய்மா என்னும் இருவர் அதே சோதனையால் நாட்டினர்.

இந்நாளில் ஓர் ஆணின் விந்தணு மூல உயிரணுக்களை வேறோர் ஆணின் விதைக்குள் மாற்றிப் பதிக்கின்றனர். ஏற்கும் விலங்கின் சொந்த அணுக்கள் அங்கு நிறைந்திருப்பின், புதியவற்றுக்கு இடமில்லை. ஆதலால் மருந்தாலேனும் கதிராலேனும் அவற்றை முன்னரே நீக்குகின்றனர். அளவு மிகின் அவ்விலங்கே துன்புறும். நானோஸ் 2 என்னும் மரபணுவை நீக்கி, சொந்த விந்தணுக்களின்றியே பிறப்பித்த பன்றிகளும் ஆடுகளும், பிற ஆணின் விந்தணுக்களைத் தம்முள் விளைவித்தமை 2020இல் வெளியாயிற்று.

வந்த விதையை ஏற்க நிலத்தைப் பண்படுத்தல் வேண்டும். வந்த உண்மையை ஏற்க உள்ளத்தையும் பண்படுத்தல் வேண்டும். முன்னதில் ஸ்பல்லன்ஸானி நமக்கு ஆசான். பின்னதில் நமக்கோர் எச்சரிக்கை.